இருபது கிலோ

மச்சாமே வாசலில் ஒரு தராசு தொங்குகிறது. கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவுக்குள் போகிற மூட்டைகள் எல்லாம் அதில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். நிறுவனத்துக்காக ஒரு போர்ட்டர் சுமக்கும் பாரம் 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. என் பையைத் தூக்கி மாட்டியபோது பக்கத்தில் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிமூன்றரை காட்டியது. ஏர்போர்ட்டில் பெட்டியை எடை போடும்போது வரும் அதே பதட்டம், அதே நிம்மதி. அந்தப் பதிமூன்றரைக்குள் இரண்டு பவர் பேங்க், ஒரு டிரைபாட், ஏழு நாளில் ஒரு பக்கம்கூடப் படிக்காத ஒரு தடித்த நாவல் எல்லாம் இருந்தன. எடை விதிக்குள் இருக்கிறதா என்றுதான் கவலைப்பட்டேனே தவிர, அது யார் தலையில் ஏறப்போகிறது என்று அந்த நிமிடம் நினைக்கவில்லை.

நானும் என் கல்லூரி நண்பனும் போயிருந்தோம். இரண்டே பேர். எங்களை மேலே கொண்டு போக ஒரு தலைமை கைடு, ஒரு உதவி கைடு, ஒரு சமையல்காரர், ஆறு போர்ட்டர்கள் என்று மொத்தம் ஒன்பது பேர். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, வேறு குழுவின் ஆட்களும் நம்முடன் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கணக்குப் பார்த்தால் சரியாக இருந்தது. தூங்க டென்ட், சாப்பிட டென்ட், அதற்கு மேஜை, நாற்காலி, கேஸ் சிலிண்டர், ஏழு நாளைக்கான காய்கறி, முட்டை, கோழி. ஆட்கள் சுமப்பவர்களாக இருப்பதால் அவர்களுடைய சாப்பாட்டையும் சுமக்க ஆள் வேண்டும்.

காலையில் டீ குடித்துவிட்டு நாம் கிளம்பிவிடுவோம். நாம் போன பிறகு அவர்கள் டென்டைப் பிரித்து, மடித்து, தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவார்கள். பத்து மணிவாக்கில் நம்மைத் தாண்டிப் போவார்கள். வழிவிட்டு ஓரமாக நிற்போம். “ஜாம்போ” என்பார்கள், நாமும் சொல்வோம். சாயங்காலம் மூச்சு வாங்கி அடுத்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால் அதே டென்ட், உள்ளே அதே இடத்தில் என் பை, வாசலில் ஒரு கிண்ணத்தில் வெந்நீர். ஐடியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை, பட்டனை அழுத்தினால் பதில் வரும். ‘கிளவுட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எங்கோ ஒரு கட்டிடம், அதில் மின்சாரம், அதைக் குளிர்விக்கத் தண்ணீர், ராத்திரி ஷிஃப்டில் ஒரு ஆள் எல்லாம் இருப்பதை நாம் மறந்துவிடுவதற்காகத்தான் அந்தச் சொல்லே இருக்கிறது. மலையில் மட்டும் ஒரு வித்தியாசம். தினமும் காலை பத்து மணிக்கு அந்த ‘உள்ளே’ நம்மைத் தாண்டி நடந்து போகும். மூச்சுச் சத்தம் கேட்கும். ஷூவில் கிழிசல் தெரியும்.

ஒரு போர்ட்டரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் சுமந்தது எங்கள் கழிப்பறையை.

புக்கிங் பண்ணும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது: தனிக் கழிப்பறை வேண்டுமா? கொஞ்சம் கூடுதல் கட்டணம். முகாம்களில் பொதுக் குழிக் கழிப்பறைகள் உண்டு. அவற்றைப் பற்றி இணையத்தில் படித்த நண்பன் “கண்டிப்பா வேணும்டா” என்றான். டிக் செய்தேன். ஒரு விநாடி வேலை. அந்த டிக் மூன்றாம் நாள் பரான்கோ முகாமில் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் டென்டிலிருந்து பத்தடி தள்ளி, ஆள் நிற்கிற உயரத்தில் ஒரு குறுகிய டென்ட். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கழிப்பறை. விடியற்காலை நான் வெளியே வந்தபோது இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பையன் அதன் அடிப்பெட்டியைக் கழற்றிப் பொதுக் குழியில் கொட்டிவிட்டு வந்து, பனிபோல் குளிர்ந்த தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். அன்று அதைத் தலையில் வைத்துக்கொண்டு பரான்கோ சுவர் ஏறினான். சுமார் 250 மீட்டர் உயரப் பாறை. நான் இரண்டு கைகளாலும் பிடித்து, சில இடங்களில் பாறையைக் கட்டிக்கொண்டு ஏறிய இடம் அது. அவன் ஒரு கையால் சுமையைப் பிடித்தபடி என்னைத் தாண்டிப் போனான்.

வேறு ஊர்க்காரர் இதை எப்படிப் பார்ப்பாரோ தெரியாது. தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு மனிதன் தலையில் மலம் சுமக்கும் காட்சி வெறும் காட்சி இல்லை. 1993-ல் ஒரு சட்டம், போதாதென்று 2013-ல் இன்னொரு சட்டம் போட்டும் இங்கே ஒழியாத விஷயம் அது. பேஸ்புக்கில் அதைப் பற்றிக் கோபமாகப் பதிவு போட்டவன் நான். அதையே ஆன்லைனில் கூடுதல் பணம் கட்டி வாங்கியிருக்கிறேன்.

சரி, இது அதுதானா? உடனே ஆமாம் என்று சொல்லி மார்பில் அடித்துக்கொள்வது சுலபம். அதிலும் ஒரு சுகம் உண்டு, அதனால் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தேன். உதவி கைடிடம் கேட்டேன். கழிப்பறை சுமப்பவருக்கு டிப்ஸ் கொஞ்சம் அதிகம் கொடுப்பது வழக்கம், அதனால் அந்த வேலையைக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு என்றார். அவன் அந்த வேலைக்கென்று பிறந்தவன் இல்லை. அடுத்த பயணத்தில் முட்டைத் தட்டு சுமப்பான், இரண்டு வருஷம் கழித்து கைடு பரீட்சை எழுதுவான். ராத்திரி எல்லாரோடும் ஒரே பாத்திரத்தில் உகாலி சாப்பிட்டான், யாரும் தள்ளி உட்காரவில்லை. நம் ஊரில் அந்த வேலையைக் கொடூரமாக்குவது அழுக்கு மட்டும் இல்லை. அது ஒட்டிக்கொண்டு இறங்காமல் பிள்ளைக்கும் பேரனுக்கும் போகிறது என்பதுதான். அந்தப் பகுதி இங்கே இல்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிச்சமிருந்தது: அங்கே பொதுக் கழிப்பறை இருந்தது. முப்பதடி தூரத்தில். நான் நடந்து போயிருக்கலாம்.

அன்று ராத்திரி சாப்பாட்டு டென்டில் நண்பனோடு வாக்குவாதம். 4,000 மீட்டர் உயரத்தில் தலைவலியோடு தத்துவம் பேசக் கூடாது, இருந்தாலும் பேசினோம்.

“நாம வரலன்னா இவங்களுக்கு வேலையே இல்ல மச்சி. வீட்லயே உக்காந்து குற்றவுணர்ச்சியா இருந்தா அவனுக்குச் சோறு வருமா?”

இது லேசான வாதம் இல்லை. ஜோன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர், இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர், 1962-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்: முதலாளி சுரண்டுவதால் வரும் துன்பத்தைவிட, சுரண்டக்கூட ஆளில்லாமல் கிடப்பதன் துன்பம் பெரியது. வேலைக்காகப் பூங்கா வாசலில் காத்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் இந்த வாதத்தில் ஒரு வித்தை இருக்கிறது. அது ‘நான் போகலாமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. ‘எவ்வளவு கொடுக்க வேண்டும், எதையெல்லாம் சுமக்கச் சொல்லலாம்’ என்ற கேள்விக்குச் சொல்வதில்லை. பூஜ்யத்துக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் ‘இல்லாததற்கு இது பரவாயில்லை’ என்று சொல்லிவிடலாமே. ஆலன் வெர்தைமர் சுரண்டலைப் பற்றி 1996-ல் எழுதிய புத்தகம் இந்த இடத்தைத்தான் நோண்டுகிறது: இருவரும் சம்மதித்து, இருவருக்கும் லாபமாக முடிந்த ஒரு பேரத்தில்கூட ஒருவர் மற்றவரைச் சுரண்டியிருக்க முடியும். லாபம் இருவருக்கும்தான், ஆனால் எதிராளியின் நெருக்கடி நமக்குச் சாதகமாக விலையைத் தீர்மானித்திருக்கலாம்.

சொற்களைப் பாருங்கள். தமிழில் சுரண்டல். சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைக்கூட விடாமல் வழித்து எடுப்பது. சுவாஹிலியில் ‘உன்யோன்யாஜி’. அதன் வேர் உறிஞ்சுவது. 1967 அருஷா பிரகடனத்துக்குப் பிறகு நைரேரேயின் தான்சானியாவில் அரசியல் மேடைகளில் அடிபட்ட சொல் அது. அப்போது அந்தச் சொல் யாரைச் சுட்டியது என்பது எனக்குச் சங்கடமான விஷயம். 1971-ல் வாடகைக் கட்டிடங்கள் தேசியமயமானபோது இழந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இந்திய வம்சாவளியினர். கடைக்காரர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள். வெள்ளைக்காரர்களை அங்கே ‘ம்சுங்கு’ என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் இல்லை, நான் ‘ம்ஹிந்தி’. மோஷி சந்தையில் ஒரு பாட்டி என்னைப் பார்த்து அப்படிச் சொன்னபோது அதில் விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் காலனியாதிக்கத்தால் அடிபட்ட நாட்டிலிருந்து வந்தவன் என்று நான் மனதுக்குள் வைத்திருந்த சலுகைச் சீட்டு அங்கே செல்லாது என்று புரிந்தது.

இன்னொரு சலுகைச் சீட்டும் வைத்திருந்தேன். நானும் ஒருவகையில் போர்ட்டர்தானே என்பது அது. வெளிநாட்டு க்ளையன்ட்டுக்காக ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்து, அவன் பெயரில் வெளியாகும் பொருளுக்கு அடியில் பாரம் சுமப்பவன். எங்கள் ஆஃபீஸ் மெயில்களில் எங்களுக்குப் பெயர் ‘ரிசோர்ஸ்’. இதை நண்பனிடம் சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலை நிமிராமல், “ஆமா, ஏசி போட்ட போர்ட்டர்” என்றான். அதற்கு மேல் அந்த உவமையை நான் இழுக்கவில்லை.

ஐந்தாம் நாள் பராஃபு முகாம், சுமார் 4,650 மீட்டர். பராஃபு என்றால் சுவாஹிலியில் பனிக்கட்டி. இந்திக்காரர்களின் ‘பரஃப்’ கடல் தாண்டிப் போய் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. உச்சிக்கான நடை நள்ளிரவில் தொடங்கும். போர்ட்டர்கள் பொதுவாக இங்கேயே நின்றுவிடுவார்கள், மேலே கைடுகள் மட்டும்தான் வருவார்கள். எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் உச்சியைப் பார்த்ததே இல்லை என்றார் தலைமை கைடு. கழிப்பறையை அங்கே வரைக்கும் கொண்டு வந்தவனும் அந்த நான்கில் ஒருவன்.

அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருட்டு, சரளை, மைனஸ் பத்துக்கும் கீழே குளிர், முன்னால் இருப்பவரின் குதிகால். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். இரண்டு முறை வாந்தி. எங்கோ 5,400 மீட்டர் வாக்கில் உதவி கைடு ஒன்றும் கேட்காமல் என் முதுகுப் பையைக் கழற்றித் தன் பைக்கு மேல் போட்டுக்கொண்டார். “போலே போலே” என்றார். மெதுவாக, மெதுவாக. அதே ‘போலே’யை ஒருமுறை மட்டும் சொன்னால் ‘உங்கள் கஷ்டத்துக்கு வருந்துகிறேன்’ என்று அர்த்தம். எல்லா டீ சட்டையிலும் அச்சடித்திருப்பது இரட்டைப் போலே. எனக்கு அன்று ராத்திரி வேண்டியிருந்தது ஒற்றைப் போலே.

ஸ்டெல்லா முனையில் விடிந்தது. இன்னும் முக்கால் மணி நேரம் போல விளிம்பிலேயே நடந்து உகுரு சிகரம், 5,895 மீட்டர். பலகைக்கு முன் நின்று டிரைபாடை விரித்தேன். ஆமாம், அந்த டிரைபாட் அங்கே வரைக்கும் வந்திருந்தது, என் பைக்குள், அவர் முதுகில். படத்தில் நானும் நண்பனும் இருக்கிறோம். உதவி கைடு ஓரமாக நின்று எங்கள் இரண்டு பையையும் வைத்துக்கொண்டிருந்தார், ஃப்ரேமுக்கு வெளியே.

அந்த இடத்துக்கு முதலில் ஏறியவர்களாக வரலாறு சொல்வது ஹான்ஸ் மேயரையும் லூட்விக் புர்ட்ஷெல்லரையும். 1889 அக்டோபர் 6. மேயர் அதற்கு ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்மின் பெயரை வைத்தார். பங்கானியைச் சேர்ந்த முயினி அமானி என்பவர் மேல் முகாமில் குளிரில் இருந்து காவல் காத்ததை மேயரே எழுதியிருக்கிறார். வழிகாட்டியாகப் போனவர் யோஹானி லாவுவோ என்ற சாகா இனத்தவர் என்று தான்சானியா பின்னாளில் கொண்டாடியது. அவர் எவ்வளவு உயரம் வரை போனார் என்பதில் இன்றும் வாதம் உண்டு. 1961 டிசம்பரில் நாடு விடுதலையானபோது அலெக்சாண்டர் நியிரெண்டா என்ற ராணுவ அதிகாரி உச்சியில் கொடியும் தீபமும் ஏற்றினார். சக்கரவர்த்தியின் பெயர் போய் ‘உகுரு’ வந்தது. விடுதலை. பெயர் மாறிவிட்டது, ஃப்ரேமுக்குள் யார், வெளியே யார் என்பது மட்டும் பெரிதாக மாறவில்லை.

நான் எழுதும் மென்பொருளில் ஒரு சின்ன நடைமுறை உண்டு. வேறு யாரோ எழுதிய நூலகங்களை அதில் பயன்படுத்தியிருந்தால், அவர்கள் பெயரையும் உரிமக் குறிப்பையும் ஒரு கோப்பில் போட்டு அனுப்ப வேண்டும். யாரும் அந்தக் கோப்பைத் திறந்து படிப்பதில்லை. ஆனால் இல்லாவிட்டால் வழக்குப் போட முடியும். கிளிமஞ்சாரோவில் இறங்கி வந்ததும் ம்வேகா வாசலில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். ஏறியவர் பெயர், வயது, நேரம். சாட்சியாகக் கைடின் கையெழுத்து. ‘நான் ஏறினேன்’ என்பது பொய் இல்லை, என் காலால்தான் ஏறினேன், என் குடலைத்தான் வாந்தி எடுத்தேன். ஆனால் ஒரே பாதை, ஒரே குளிர், இருபது கிலோ அதிகம் என்றிருந்தவனுடைய நடைக்கு ‘வேலை’ என்றும் என்னுடையதற்குச் ‘சாதனை’ என்றும் பெயர் வந்ததற்கு ஒரே காரணம்தான் தெரிகிறது. நான் கஷ்டப்படுவதற்குக் காசு கொடுத்தேன். அவன் காசுக்காகக் கஷ்டப்பட்டான்.

இனி டிப்ஸ் விஷயம். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.

கடைசி நாள் காலை முகாமில் எல்லோரும் வட்டமாக நின்று பாடினார்கள், ஆடினார்கள். நானும் நண்பனும் கணக்குப் போட்டு, யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, டாலர்களை உறையில் வைத்துத் தலைமை கைடிடம் கொடுத்தோம். போர்ட்டருக்குத் தலா 56, கழிப்பறைப் பையனுக்கு 70. கை தட்டினார்கள். அதிலிருந்து நான்கு மணி நேரத்தில் ம்வேகா வாசல். ஷூவில் இருந்த சேற்றைக் கழுவக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது அந்தப் பையன் வந்தான். நான் முகாமில் மறந்து வைத்த டிரைபாடைக் கொண்டு வந்திருந்தான். கொடுத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக “தெலதினி” என்றான். எனக்குச் சுவாஹிலியில் பத்து வரைக்கும்தான் தெரியும். பத்து விரலையும் விரித்து மூன்று முறை காட்டினான். முப்பது.

அவ்வளவுதான் சொன்னான். கேள் என்றும் சொல்லவில்லை, கேட்காதே என்றும் சொல்லவில்லை.

வண்டி ஹாரன் அடித்தது. நண்பனிடம் சொன்னேன். “இப்ப நீ போய்க் கேட்டா யார் சொன்னான்னு அந்தாளுக்குத் தெரிஞ்சிடும். அடுத்த ட்ரிப்புக்கு இவனைக் கூப்பிட மாட்டான். நல்லது பண்றேன்னு அவன் பொழப்புல மண்ணைப் போடாதடா.” சரிதான். அடுத்த பயணத்துக்கு யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் தலைமை கைடு. பாக்கெட்டிலிருந்து இரண்டு இருபது டாலர் நோட்டுகளை எடுத்துப் பையன் கையில் மடித்து வைத்தேன். “அசாந்தே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எழுபதுக்கு நாற்பது குறைந்தது, நாற்பது கொடுத்தாயிற்று. ஆனால் அவன் வந்தது தனக்காக மட்டும்தானா, ஆறு பேருக்காகவா? மற்ற ஐந்து பேர் வண்டிக்குப் பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்பது டாலர் நான் கொடுத்த பாக்கியா, இல்லை நான் பேசாமல் இருப்பதற்கு எனக்கு நானே கொடுத்துக்கொண்ட கூலியா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

தலைமை கைடைத் திருடன் என்று சொல்லிவிட்டு இதை முடித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் எக்செல் ஷீட் ஞாபகம் வருகிறது. நான்கு நிறுவனங்களிடம் விலை கேட்டிருந்தோம். பூங்காக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான், சாப்பாடும் டென்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நிறுவனம் மட்டும் தலைக்கு நானூறு டாலர் குறைவு. அந்தக் கட்டத்துக்கு நானேதான் பச்சை நிறம் அடித்தேன். எதில் குறைத்தார்கள் என்று ஒரு இன்ஜினியருக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். மற்ற செலவெல்லாம் நிலையானது என்றால், குறைக்க முடிவது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கைடுக்கே ஒழுங்காகச் சம்பளம் வந்திருக்குமா? போர்ட்டர்களுக்கு நியாயமான கூலி தரும் நிறுவனங்கள் எவை என்று கண்காணித்துப் பட்டியல் வெளியிடும் ஓர் அமைப்பு மோஷியிலேயே இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு தேடினேன். இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. டயமாக்ஸ் மாத்திரையின் பக்கவிளைவுகளைப் பற்றி மட்டும் போவதற்கு முன் மூன்று ராத்திரி படித்திருக்கிறேன்.

நைரோபி விமான நிலையத்தில் காத்திருந்தபோது நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது, ரிவ்யூ எழுதச் சொல்லி. அப்போது உடம்பெல்லாம் ஒரு மிதப்பு. ஏறிவிட்டோம் என்ற மிதப்பு. ஐந்து நட்சத்திரம் கொடுத்து, அருமையான குழு, அன்பான மனிதர்கள் என்று எழுதினேன். அதில் எதுவும் பொய் இல்லை. டிப்ஸ் பற்றி எழுதவில்லை. பையனுக்குப் பிரச்சினை வரக் கூடாது என்பதால்தான் எழுதவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேதியும் என் பெயரும் இருக்கும் ரிவ்யூவில் எழுதினால் எந்தக் குழு என்று கண்டுபிடிப்பது எளிது, உண்மைதான். ஆனால் ஒரு நட்சத்திரத்தையாவது குறைத்திருக்கலாம். அதற்கு யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அந்த ரிவ்யூவைப் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். பிப்ரவரியில் குடும்பத்தோடு போகிறார்களாம். மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். சைவச் சாப்பாடு கிடைக்குமா? தனிக் கழிப்பறை எடுத்துக்கொள்ளலாமா? போர்ட்டர்களை இந்த நிறுவனம் நன்றாக நடத்துகிறதா?

முதல் கேள்விக்கு மட்டும் பதில் போட்டிருக்கிறேன்.